நண்பருடன் பட்ஜெட் ட்ரிப்: 500 ரூபாயில் பழவேற்காடு போயிட்டு வரலாம்... ஆனா படகு மட்டும் வேண்டாம்! ஏன்? முழு விவரம்

டிசம்பர் பிறந்துட்டாலே போதும், குல்மார்க், அவ்லி, மணாலின்னு பனிச்சறுக்கு ரீல்ஸ் வரிசை கட்டி வரும். நண்பரும் நாமும் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். டிக்கெட், ரூம், கம்பளி உடை வாடகை, சறுக்குப் பலகை வாடகை, கத்துக்கொடுக்கிறவருக்குக் கட்டணம்னு ஒவ்வொண்ணா சேர்க்கச் சேர்க்க, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் மச்சி" என்று அந்த ப்ளான் வாட்ஸ்அப் குரூப்லேயே உறைந்து போகும்.

அதே குளிர்காலத்தில், சென்னையில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஒரு இடம் இருக்கு. திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி தாலுகாவில் உள்ள பழவேற்காடு. ஏரி, கடல், 400 ஆண்டு பழைய டச்சுக் கல்லறை, சுடச்சுட மீன் சாப்பாடு எல்லாம் ஒரே ஊரில். ரெண்டு பேருக்கும் சேர்த்து 1,000 ரூபாய் இருந்தால் போதும்.

எப்படிப் போறது? எவ்வளவு செலவாகும்? என்னென்ன பார்க்கலாம்? எதைக் கண்டிப்பா தவிர்க்கணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழவேற்காடு ஏரி: என்ன ஸ்பெஷல்?

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவிலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் இருக்கிறது. வங்கக்கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் மதில் மாதிரி நீண்டு கிடப்பதுதான் ஸ்ரீஹரிகோட்டா தீவு. இஸ்ரோ ராக்கெட் ஏவும் சதீஷ் தவான் விண்வெளி மையம் இருப்பது அங்கேதான்.

ஆரணி ஆறு, காளங்கி ஆறு, சொர்ணமுகி ஆறு ஆகியவை கொண்டுவரும் நல்ல தண்ணீரும், முகத்துவாரம் வழியாக உள்ளே வரும் கடல் தண்ணீரும் கலப்பதால்தான் இது உவர்நீர் ஏரி. இறால், நண்டு, மடவை, கொடுவா போன்றவை இங்கே வளர்வதற்கும், அவற்றை நம்பிக் கரையில் இத்தனை குப்பங்கள் இருப்பதற்கும் இந்தக் கலப்புதான் காரணம்.

எப்போ போகலாம்?

பூநாரைகள் உள்ளிட்ட வலசைப் பறவைகள் வரும் காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை. ஆனால் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இருக்கும். புயல் சின்னம், கனமழை எச்சரிக்கை இருந்தால் கடலோர ஊருக்குப் போகவே கூடாது. எனவே டிசம்பர் கடைசி வாரம் முதல் பிப்ரவரி வரைதான் சரியான நேரம்.

முடிந்தால் ஞாயிறு, பண்டிகை விடுமுறை நாட்களைத் தவிர்த்துடுங்க. காணும் பொங்கல் மாதிரி நாட்களில் கூட்டம் அதிகமா இருக்கும், போலீஸ் கட்டுப்பாடும் இருக்கும். ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுவார்கள். அன்றைக்கு கடற்கரைப் பக்கமும் கெடுபிடி இருக்கலாம். கிளம்புவதற்கு முன் செய்தியை ஒரு தடவை பார்த்துடுங்க.

எப்படிப் போறது?

* சென்னை சென்ட்ரல் பக்கத்தில் உள்ள மூர் மார்க்கெட் வளாக புறநகர் ரயில் நிலையத்தில், கும்மிடிப்பூண்டி அல்லது சூலூர்பேட்டை போகும் மின்சார ரயிலில் ஏறுங்க.

* திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் தாண்டி பொன்னேரியில் இறங்கணும். பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

* பொன்னேரி ஸ்டேஷனில் இருந்து பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கும். அங்கிருந்து பழவேற்காடு பஸ். சுமார் 18 கிலோமீட்டர்.

* நண்பர்களில் பெண்கள் இருந்தால், விடியல் பயணத் திட்டத்தில் வரும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் டிக்கெட் கிடையாது. இது எல்லா பஸ்ஸுக்கும் பொருந்தாது. ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கோங்க.

பைக்கில் போறவங்க கவனத்துக்கு: எண்ணூர், மீஞ்சூர் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அதிகம். பட்ஜெட்டுக்கும் பாதுகாப்புக்கும் ரயில்தான் பெஸ்ட்.

செலவு எவ்வளவு?

ஒரு ஆளுக்கு இப்படி ஒதுக்கிக்கோங்க:

* ரயில், பஸ் போக வர: 100 ரூபாய்

* ஷேர் ஆட்டோ, உள்ளூர் பயணம்: 100 ரூபாய்

* காலை டிபன், மதிய மீன் சாப்பாடு, டீ: 200 ரூபாய்

* அவசரத்துக்கு: 100 ரூபாய்

மொத்தம் 500 ரூபாய். ரயில் டிக்கெட் ரொம்பக் குறைவு என்பதால், முதல் வரியிலேயே கொஞ்சம் மிச்சமாகும். தண்ணி பாட்டிலை வீட்டிலேயே நிரப்பி எடுத்துட்டுப் போனால் இன்னும் மிச்சம்.

பட்ஜெட் எகிறும் இடம் ஒன்றே ஒன்றுதான், அது நண்டு. பழவேற்காடு கழி நண்டு வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் சரக்கு. "ஒரு பிளேட் நண்டு" என்று சொல்வதற்கு முன்னாடி விலையைக் கேட்டுடுங்க. மீன் குழம்பு, வறுத்த மீன் என்றால் கையைக் கடிக்காது.

ரெண்டு பேர் போகும்போது சண்டை வருவது பெரும்பாலும் பணத்தில்தான். கிளம்பும்போதே ஆளுக்கு 500 ரூபாய் எடுத்து ஒரு பொதுக் கணக்கில் போட்டு, ஒருத்தரே செலவு செய்யட்டும். இன்னொருத்தர் போனில் எழுதி வைக்கட்டும். சின்னக் கடைகளில் யுபிஐ வேலை செய்யாமல் போகலாம். கையில் சில்லறையா பணம் வெச்சுக்கோங்க.

ஒருநாள் ப்ளான் இதோ

காலை 6 மணிக்குள்: சென்னையில் ரயில் ஏறிடுங்க. லேட்டா போனால் மீன் ஏலத்தைப் பார்க்க முடியாது.

காலை 8 மணி: பழவேற்காடு. இரவு வலை போட்டவர்கள் கரை திரும்பி, மீன், இறால், நண்டு ஏலம் போகும் நேரம். ஓரமா நின்னு பாருங்க. வியாபாரத்துக்கு நடுவில் நின்று செல்ஃபி எடுத்தால் யாராவது திட்டத்தான் செய்வாங்க, அதில் நியாயமும் இருக்கு.

காலை 9.30 மணி: டிபன் முடித்துவிட்டு டச்சுக் கல்லறை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம் இது. நுழைவாயில் தூண்களில் எலும்புக்கூடு சிற்பங்கள் இருக்கும். உள்ளே 17-ம் நூற்றாண்டுக் கல்லறைகள், டச்சு மொழிக் கல்வெட்டுகளோடு.

டச்சுக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை? துணிதான். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கடற்கரையில் டச்சு வணிகத்தின் தலைநகர் பழவேற்காடுதான். இங்கிருந்து போன துணியின் பெயர் இன்னும் அழியவில்லை. மலேசியாவில் லுங்கியை "காயின் பெலிகாட்" என்பார்கள். அந்த "பெலிகாட்", பழவேற்காட்டை ஐரோப்பியர் சொன்ன "புலிகாட்" என்ற பெயரில் இருந்து வந்ததுதான். அதே துறையில் இருந்து மனிதர்களும் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள் என்பது இந்த ஊர் வரலாற்றின் இருண்ட பக்கம். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதரும் இடிபாடும்தான்.

காலை 11 மணி: ஊருக்குள் ஒரு நடை. போர்ச்சுகீசியர் காலத்தில், 1515-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம், பழைய பள்ளிவாசல்கள், ராமாயணச் சிற்பங்கள் உள்ள ஆதிநாராயணப் பெருமாள் கோயில் எல்லாமே ஊரைச் சுற்றியே இருக்கிறது. பெண்கள் பனை ஓலையில் பின்னும் கூடை, பெட்டிகளும் கிடைக்கும். வீட்டுக்கு வாங்கிட்டுப் போக நல்ல பொருள்.

மதியம் 1 மணி: மீன் சாப்பாடு.

மதியம் 2.30 மணி: பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கம் குப்பம் பக்கம் போனால் கடற்கரை. கால் நனைக்கலாம், குளிக்க வேண்டாம். அலையின் இழுப்பு அதிகம், அவசரத்துக்குக் காப்பாற்ற ஆள் இருக்க மாட்டாங்க.

மாலை 4.30 மணி: பொன்னேரி பஸ். கடைசி பஸ் எப்போன்னு காலையில் இறங்கும்போதே கேட்டு வெச்சுக்கோங்க. ஊரில் தங்கும் வசதி குறைவு.

படகு வேண்டாம்னு சொல்றது ஏன்?

கரையில் நிற்கும்போது யாராவது வந்து, "தம்பி, ஒரு ரவுண்டு போலாமா? முகத்துவாரம் வரைக்கும் காட்டுறேன்" என்று கேட்கலாம். ரெண்டு பேர்தானே, என்ன ஆகிடப் போகுதுன்னு தோணும். இங்கேதான் நிதானிக்கணும்.

2011, டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குடும்பமாக வந்தவர்கள் ஏறிய படகு பழவேற்காட்டில் கவிழ்ந்தது. குழந்தைகள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியதும், லைஃப் ஜாக்கெட் இல்லாததும் அப்போது பெரிதாகப் பேசப்பட்டன. அதன் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. தடையை மீறிப் படகு ஓடுவதாக அவ்வப்போது செய்திகள் வரத்தான் செய்கின்றன.

கேரளாவிலும் இதே கதைதான். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2023 மே 7-ல் மலப்புரம் மாவட்டம் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். தானூரில் கவிழ்ந்தது, மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த சுற்றுலாப் படகு.

ஏரி ஆழம் குறைவுதானே, எப்படி ஆபத்து?

நல்ல கேள்வி. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியில் இடுப்பளவு, மார்பளவு தண்ணீர்தான். ஆனால் முகத்துவாரம் அப்படி இல்லை. ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகும் வேகமும், கடல் அலை உள்ளே வரும் வேகமும் மோதிக்கொள்ளும் இடம் அது. மணல் திட்டு இன்றைக்கு ஓர் இடத்தில் இருக்கும், நாளைக்கு வேறு இடத்தில் இருக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

மீன்பிடிப் படகு என்பது வலையும் மீனும் ஏற்றுவதற்குச் செய்தது. அதில் போகும் மீனவருக்கு, அலை வந்தால் எந்தப் பக்கம் சாயணும் என்பது உடம்பிலேயே ஊறியிருக்கும். நமக்கு அது தெரியாது. பறவையைப் பார்த்ததும் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு ஒரே பக்கம் எழுந்து நிற்போம். படகின் சமநிலை போவதற்கு அந்த ஒரு நொடி போதும்.

பட்ஜெட் ட்ரிப் போறவங்க இன்னொன்றையும் கவனிக்கணும். ரெண்டு பேருக்காக மட்டும் படகு எடுத்தால் காசு அதிகம் கேட்பாங்க. "இன்னும் நாலு பேர் வரட்டும், ஷேர் பண்ணிக்கலாம்" என்றால் ஆளுக்கு ஆகும் செலவு குறையும். நாலு பேர் எட்டாகும், எட்டு பன்னிரண்டாகும். தலை எண்ணிக்கை கூடக் கூடத்தான் டிக்கெட் விலை குறைகிறது. அதாவது படகில் மலிவு என்றாலே நெரிசல் என்று அர்த்தம். வேறு எதில் வேண்டுமானாலும் காசைப் பகிர்ந்துக்கலாம், இதில் கூடாது.

அதனால் நண்பரோடு வீட்டிலேயே பேசி முடிவு பண்ணிடுங்க. கரையில் நின்று ஒருத்தர் "வா"ன்னும் இன்னொருத்தர் "வேண்டாம்"னும் சொன்னால், பெரும்பாலும் "வா"தான் ஜெயிக்கும்.

அப்போ படகுக்காரங்க மோசமானவங்களா?

அப்படி இல்லை. அவர் ஏன் உங்களைக் கூப்பிடுகிறார் என்பதையும் புரிஞ்சுக்கணும்.

பழவேற்காடு மீனவர்களிடம் "பாடு" என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், யார், எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்கள் இந்த முறைக்குப் பெயர் போனவை. நல்ல இடம் ஒருத்தருக்கே போய்விடாமல் எல்லோருக்கும் சுற்றி வர வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. இந்த முறைக்குள் வராத பழங்குடி இருளர் மக்கள், ஆண்களும் பெண்களும், இடுப்பளவு தண்ணீரில் கையாலேயே இறாலைத் தடவிப் பிடிக்கிறார்கள்.

ஆனால் ஏரி பழைய மாதிரி இல்லை. முகத்துவாரம் மணலால் அடிக்கடி தூர்ந்து போகிறது. அது மூடினால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது, படகும் கடலுக்குப் போக முடியாது. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது மீனவர்களின் நீண்டகாலக் கோரிக்கை. இதோடு எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்கள், துறைமுகங்களால் வரும் பாதிப்பு பற்றிய கவலையும் சேர்ந்துகொள்கிறது. வலையில் வருமானம் குறையும்போதுதான் படகு சவாரிக்கு ஆள் கூப்பிடும் நிலை வருகிறது.

எனவே, "வேண்டாம் அண்ணா" என்று மரியாதையாகச் சொல்லுங்க. வீடியோ எடுத்து, "சட்டவிரோதப் படகு" என்று முகத்தோடு போட வேண்டாம். படகுக்குக் கொடுக்க நினைத்த காசை அதே ஊரில் வேறு வழியில் செலவு பண்ணுங்க. மீன் விற்கும் அக்காவிடம் மீன் வாங்குங்க, சின்ன மெஸ்ஸில் சாப்பிடுங்க, ஓலைக் கூடை வாங்குங்க. அந்தப் பணமும் குப்பத்துக்குத்தான் போகும், யாருடைய உயிரையும் பணயம் வைக்காமல்.

படகு இல்லாமல் பூநாரை பார்க்க முடியுமா?

தாராளமா பார்க்கலாம். அதற்கு ஏரியின் வடக்குப் பக்கம் போகணும். பொன்னேரியைத் தாண்டி அதே ரயில் பாதையில் ஆந்திராவின் சூலூர்பேட்டை வரும். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் குறுக்கே செல்கிறது. சீசனில் சாலையின் இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் மேய்வதைக் கரையில் இருந்தே பார்க்கலாம். சூலூர்பேட்டைக்கு வடக்கே உள்ள நேலபட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கும். ஆந்திர அரசு நடத்தும் பூநாரைத் திருவிழாவும் பெரும்பாலும் ஜனவரி வாக்கில் அங்கே நடக்கும்.

மேப்பில் ஒரே ஏரி மாதிரித் தெரிந்தாலும், பழவேற்காட்டையும் சூலூர்பேட்டையையும் ஒரே நாளில் சேர்க்க நினைக்காதீங்க. சுற்றிப் போகவே நேரம் சரியாகிடும். அதை இன்னொரு ஞாயிறுக்கு வெச்சுக்கோங்க. ஒரு பழைய பைனாகுலர் கடன் கிடைத்தால் கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க. படகில் கிட்டப் போனால் பறவை பறந்துடும். பைனாகுலரில் பார்த்தால் அது பாட்டுக்கு மேயும்.

செய்யக் கூடாதவை

* ட்ரோன் பறக்கவிடாதீங்க. இது பறவைகள் சரணாலயப் பகுதி, பக்கத்திலேயே விண்வெளி மையமும் இருக்கு.

* காயும் வலையை மிதிக்காதீங்க. கிழிந்தால் அவர்களுக்கு ஒரு நாள் பிழைப்பு போச்சு.

* தண்ணீரில் வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீங்க.

* கடற்கரையிலோ கல்லறையிலோ மது அருந்துவது, கண்ணாடி பாட்டில் உடைப்பது வேண்டவே வேண்டாம். அந்த மணலில் வெறுங்காலோடு நடந்து வேலை பார்ப்பவர்கள் இருக்காங்க.

* கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துட்டு வாங்க.

கையில் இருக்க வேண்டியவை

தொப்பி, தண்ணீர், பிடிப்பான செருப்பு, சில்லறைப் பணம், பவர் பேங்க், ஒரு அடையாள அட்டை. மீன் வாங்கிட்டு வர்றதா இருந்தால் மூடியுள்ள டப்பாவும் கொஞ்சம் ஐஸும். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் உங்களை வாழ்த்துவார்.

அவசர உதவிக்கு: 112, ஆம்புலன்ஸ் 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. மூன்று எண்களையும் ரெண்டு பேர் போனிலும் இப்பவே சேவ் பண்ணிடுங்க. கிளம்பும்போது எங்கே போறீங்க, எந்த ரயிலில் திரும்புவீங்க என்று வீட்டில் ஒருத்தரிடம் சொல்லிட்டுப் போங்க.